ஒரே ஒரு கட்டளைக்காகக் கம்பைலரைத் திறக்கலாமா?

கேள்வி: நான் ஏற்காட்டில் வசிக்கிறேன். சேலத்தில் மின்னணுவியல் படித்துவிட்டு, ஜவ்வரிசி ஆலைகளுக்கு ஈரப்பதம் அளக்கும் மின்னணுப் பலகைகள் செய்து தரும் ஒரு சிறு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். பலகையில் உள்ள எஃப்பிஜிஏ (உள்ளமைப்பை நாமே மாற்றி எழுதக்கூடிய) சில்லுக்குள், ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுப்பில் இயங்கும் 32 பிட் செயலி ஒன்றை அமைத்திருக்கிறோம். சென்சார் அளவுகளை வடிகட்டுவதற்காக, ‘பெருக்கிக் கூட்டு, எல்லை தாண்டினால் எல்லையிலேயே நில்’ என்று ஒரு சொந்தக் கட்டளையையும் அதில் சேர்த்துள்ளோம். எங்கள் சி நிரலைச் செயலியின் கட்டளைகளாக மாற்றித் தருவது எல்எல்விஎம் என்ற திறமூலக் கம்பைலர். அந்தக் கட்டளையை அதற்குப் புரியவைக்க ஆயிரம் வரிகளுக்கு மேல் எழுதித் திட்டத்துக்கு அனுப்பினேன். ஒருவர் மட்டும், ‘இதை ஏன் இன்ஸ்ன் மூலம் செய்யக்கூடாது?’ என்று ஒற்றை வரியில் கேட்டார். பிறகு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வெளிநாட்டார் நடத்தும் திட்டத்தில் நம்மை யார் மதிப்பார்கள்? ‘நமக்கென்று ஒரு பிரதியைத் தனியாக வைத்துக்கொள்ளலாம்’ என்கிறார் எங்கள் உரிமையாளர். 8 ஜிபி நினைவகம் உள்ள என் மடிக்கணினியில் கம்பைலரைக் கட்டும்போது கடைசிக் கட்டத்தில் எல்லாம் உறைந்துபோகிறது. சிறிய சோதனைகளில் சரியாக வரும் விடை, முழு நிரலில் சில நேரம் தவறாகவும் வருகிறது. நான் எழுதிய முக்கிய வரிகளை இணைத்துள்ளேன். திட்டத்தோடு தொடர்வதா, தனியாகப் பிரிந்துவிடுவதா? இந்தத் துறையில் எனக்கு எதிர்காலம் உண்டா? (பின்குறிப்பு: பின்முனை எழுதுவது எப்படி என்ற எல்எல்விஎம் ஆவணத்தில் சில பகுதிகள் இன்றைய நிரலோடு ஒத்துப்போகவில்லை.)

பதில்: அன்புள்ள ஏற்காட்டு நண்பருக்கு,

உங்களுக்கு வந்த ஒற்றை வரிக் கேள்வியை நீங்கள் புறக்கணிப்பாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று கடிதத்தின் தொனியிலிருந்து தெரிகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. உங்கள் மாற்றத்தைப் படித்த ஒருவர் கேட்கக்கூடிய மிகச் சரியான கேள்வி அதுதான். அதற்கு நீங்கள் பதில் எழுதாததால்தான் உரையாடல் அங்கேயே நின்றுபோயிருக்கிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உங்கள் கட்டளை எல்எல்விஎம்மின் பொது மூலநிரலுக்குள் போக வேண்டியதும் இல்லை, உங்கள் உரிமையாளர் சொல்வதுபோல் தனிப் பிரதிக்குள் போக வேண்டியதும் இல்லை. உங்கள் சி நிரல்கள் சேர்த்துக்கொள்ளும் ஒரு ஹெடர் கோப்புக்குள் இருபது, முப்பது வரிகளில் அது அடங்கிவிடும்.

இதே தயக்கத்தில் இருக்கும் மற்ற வாசகர்களுக்காகச் சில வரிகள். சேலத்துக் கொலுசு ஒரே கையில் உருவாவதில்லை. கம்பி இழுப்பவர் ஒருவர், வளையம் கோப்பவர் ஒருவர், பற்றவைப்பவர் ஒருவர், மெருகு போடுபவர் ஒருவர் என்று கைமாறி வருகிறது. கம்பைலர் தொடரும் அப்படித்தான். சி மொழியைப் படித்துப் புரிந்துகொள்வது முன்முனையின் வேலை. எல்எல்விஎம்மில் அது கிளாங். கிடைத்ததை எந்தச் செயலிக்கும் பொதுவான இடைநிலை வடிவத்தில் வைத்துச் செம்மைப்படுத்துவது நடுப்பகுதி. அதைக் குறிப்பிட்ட செயலியின் கட்டளைகளாக மாற்றுவது பின்முனை. அக்கட்டளைகளைப் பிட்டுகளாக்கும் அசெம்பிளரும், துண்டுகளை ஒரே நிரலாக இணைக்கும் லிங்கரும் அதற்குப் பிறகு வருகின்றன. 2000-ஆம் ஆண்டு இறுதியில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் லாட்னரும் விக்ரம் ஆத்வேயும் தொடங்கிய எல்எல்விஎம், இப்பகுதிகளைத் தனித்தனியாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய நூலகங்களாக வைத்திருப்பதுதான் அதை நீட்டிப்பதை இவ்வளவு எளிதாக்கியது. நீட்டிப்பது எளிது. நீட்டியதை ஆண்டுக்கணக்கில் யார் சுமப்பது என்பதுதான் அந்தத் திட்டத்தில் இருப்பவர்கள் ஒவ்வொரு முன்மொழிவிலும் பார்க்கும் கேள்வி. உங்களிடம் கேட்கப்பட்டதும் சுருக்கமாக அதேதான்.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ‘.இன்ஸ்ன்’ என்பது ரிஸ்க்-ஃபைவ் அசெம்பிளருக்குத் தெரியாத கட்டளையையும் அதன் கையால் எழுதவைக்கும் ஓர் அறிவுறுத்தல். எல்எல்விஎம்மின் அசெம்பிளருக்கும், ஜிசிசி என்ற இன்னொரு கம்பைலரோடு வரும் குனு அசெம்பிளருக்கும் இது தெரியும். உங்களுடையது ‘ஆர்’ வகைக் கட்டளை. அதன் 32 பிட்டுகளில் ஏழு கட்டளையின் இனத்தைச் சொல்லும் ஆப்கோடுக்கு, மூன்று ஃபங்க்ட்3-க்கு, ஏழு ஃபங்க்ட்7-க்கு (அந்த இனத்துக்குள் எது என்று சொல்பவை இவ்விரண்டும்), செயலிக்குள் எண்களை வைத்திருக்கும் இடங்களான ரிஜிஸ்டர்கள் மூன்றுக்கு ஐந்தைந்தாகப் பதினைந்து போகின்றன. ‘.இன்ஸ்ன் ஆர்’ என்று எழுதி, ஆப்கோடு, ஃபங்க்ட்3, ஃபங்க்ட்7, விடை ரிஜிஸ்டர், இரண்டு உள்ளீட்டு ரிஜிஸ்டர்கள் என்ற வரிசையில் கொடுத்தால், அசெம்பிளர் அந்த 32 பிட்டுகளை அப்படியே அடுக்கித் தந்துவிடும். இதை ஒரு ‘ஸ்டாட்டிக் இன்லைன்’ ஃபங்ஷனுக்குள், சி நிரலுக்குள் அசெம்பிளர் வரியை நுழைக்கும் ஒரே ஒரு ‘ஏஎஸ்எம்’ கூற்றாக வைத்துவிட்டால், உங்கள் நிரலாளர்களுக்கு அது சாதாரண சி ஃபங்ஷன் போலவே தெரியும். எந்த ரிஜிஸ்டரை ஒதுக்குவது என்பதைக் கம்பைலரே பார்த்துக்கொள்ளும். கம்பைலரின் மூலநிரலில் ஒரு வரியைக்கூட நீங்கள் தொட வேண்டியதில்லை.

அதே ஹெடர் கோப்பில், செயலியில் அந்தக் கட்டளை இல்லாதபோது ஓடுவதற்கான சாதாரண சி வடிவத்தையும் கீழே எழுதி வையுங்கள். 64 பிட்டில் பெருக்கிக் கூட்டி, 32 பிட்டின் எல்லைக்குள் வெட்டுவது சில வரிகள்தான். அப்போது உங்கள் வடிகட்டியை மேசைக் கணினியிலேயே ஓட்டி, ஆலையில் பதிவு செய்து கொண்டுவந்த அளவுகளை வைத்து இரண்டு வடிவங்களின் விடைகளையும் ஒப்பிட முடியும். கம்பைலருக்குள் கட்டளையைப் புதைத்தவர்கள் பெரும்பாலும் இழப்பது இந்த வசதியைத்தான்.

இங்கே ஒரு கேள்வியை இடையில் கேட்டுவிடுகிறேன். இந்தக் கட்டளை உண்மையில் தேவைதானா? பெருக்கல் வசதியுள்ள 32 பிட் ரிஸ்க்-ஃபைவ் செயலியில் நான் சொன்ன சி வடிவம் ஏறத்தாழ பத்துப் பதினைந்து கட்டளைகளாக மாறும். செயலியின் சைக்கிள் எண்ணியை வடிகட்டிக்கு முன்னும் பின்னும் படித்துப் பாருங்கள். ஜவ்வரிசியின் ஈரம் மைக்ரோ நொடிக் கணக்கில் மாறக்கூடியதல்ல. சென்சாரிலிருந்து வரும் அளவுகளின் வேகம் குறைவாக இருந்தால், நீங்கள் மிச்சப்படுத்தும் சைக்கிள்களை அடுத்த அளவுக்காகக் காத்திருந்தே செயலி செலவழித்துவிடும். அதிர்வெண் அதிகமாக இருந்து, எண்ணிக்கை உங்கள் பக்கம் நின்றால் மேலே தொடருங்கள்.

இப்போது முழு நிரலில் விடை தவறுவதற்கான காரணம். நீங்கள் இணைத்திருந்த டேபிள்ஜென் (எல்எல்விஎம்மில் கட்டளைகளை வரையறுக்கும் மொழி) வரிகளைப் பார்த்தேன். உங்கள் கட்டளை விடை ரிஜிஸ்டரில் எழுதுவதோடு நிற்கவில்லை. அதில் ஏற்கெனவே இருக்கும் கூட்டுத்தொகையையும் படிக்கிறது. ஆகவே அந்த ரிஜிஸ்டர் உள்ளீடு, வெளியீடு இரண்டும் ஆகும். உங்கள் வரையறையில் பழைய கூட்டுத்தொகை ஒரு தனி உள்ளீடாகவும், விடை ஒரு தனி வெளியீடாகவும் இருக்கின்றன; இரண்டும் ஒரே ரிஜிஸ்டரில்தான் உட்கார வேண்டும் என்ற நிபந்தனை எங்கும் எழுதப்படவில்லை. பழைய கூட்டுத்தொகை அதற்குப் பிறகு தேவைப்படாத சிறிய நிரல்களில், ரிஜிஸ்டர்களை ஒதுக்கும் கம்பைலர் பகுதி பெரும்பாலும் அதே இடத்தையே விடைக்கும் கொடுத்துவிடும். விடை சரியாக வரும். முழு நிரலில் ரிஜிஸ்டர் நெருக்கடி வந்ததும் இரண்டுக்கும் வேறு வேறு இடம் போகிறது. செயலி யாரோ விட்டுச்சென்ற எண்ணின்மேல் கூட்டத் தொடங்குகிறது. டேபிள்ஜென்னில் ‘கன்ஸ்ட்ரெயின்ட்ஸ்’ என்ற ஒரு வரியில் இரண்டையும் சமப்படுத்தி எழுதினால் இது தீரும். எல்எல்விஎம்மில் ஏற்கெனவே உள்ள டி-ஹெட் நிறுவனத்தின் பெருக்கிக் கூட்டும் கட்டளைகளின் வரையறையைத் திறந்து பாருங்கள். அங்கே இது எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்பது தெளிவாகத் தெரியும்.

ஹெடர் கோப்பு வழிக்கு மாறினாலும் இதே பள்ளம் வேறு உருவில் காத்திருக்கிறது. ‘ஏஎஸ்எம்’ கூற்றில் கூட்டுத்தொகையைக் குறிக்கும்போது சமக்குறியோடு ‘ஆர்’ என்று எழுதினால், ‘இதில் எழுதுவேன், படிக்கமாட்டேன்’ என்று கம்பைலரிடம் உறுதி கொடுத்ததாகப் பொருள். கூட்டல் குறியோடு ‘ஆர்’ என்று எழுதினால்தான் படித்துவிட்டு எழுதுவேன் என்று பொருள். உங்களுக்கு வேண்டியது கூட்டல் குறி. இன்னொன்று, பழக்கத்தால் பலர் ‘வாலடைல்’ என்ற சொல்லையும் சேர்த்துவிடுகிறார்கள். உங்கள் கட்டளையின் விடை அதன் உள்ளீடுகளை மட்டுமே சார்ந்தது என்றால் அது தேவையில்லை. பயன்படாத கணக்கைக் கம்பைலர் நீக்குவதற்கு அது வீணான தடை. எல்லை தாண்டியதைக் காட்டும் கொடி எதையாவது செயலிக்குள் மறைவாக வைத்திருக்கிறீர்கள் என்றால் மட்டும் ‘வாலடைல்’ வேண்டும். அப்படி மறைநிலை இருக்கிறதா என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரியவில்லை. வன்பொருள் எழுதியவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் குறியீட்டுத் தேர்விலும் ஓர் ஆபத்து இருக்கிறது. 0110011 என்ற பொதுக் கணக்குக் கட்டளைகளின் ஆப்கோடுக்குள், காலியாகத் தெரிந்த ஒரு ஃபங்க்ட்7 இடத்தை நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது இன்று காலி, அவ்வளவுதான். 2021-இல் ஏற்கப்பட்ட பிட் கையாளும் நீட்டிப்புகளும், பின்னர் வந்த நிபந்தனைக் கட்டளைகளின் நீட்டிப்பும் இதே ஆப்கோடின் காலியிடங்களில்தான் வந்து குடியேறின. தனியார் கட்டளைகளுக்கென்றே ரிஸ்க்-ஃபைவ் விதிநூல் இடம் ஒதுக்கியிருக்கிறது: கஸ்டம்-0 என்பது 0001011, கஸ்டம்-1 என்பது 0101011. வருங்காலப் பொது நீட்டிப்புகள் இவ்விரண்டையும் தொடாது என்ற உறுதி அந்த நூலிலேயே இருக்கிறது. கஸ்டம்-2, கஸ்டம்-3 என்ற மற்ற இரண்டும் 128 பிட் வடிவத்துக்காகவும் ஒதுக்கி வைக்கப்பட்டவை. 32 பிட் செயலியில் அவற்றைப் பயன்படுத்தத் தடையில்லை என்றாலும், முதல் இரண்டில் இடம் இருக்கும்போது அங்கே போக வேண்டியதில்லை. எஃப்பிஜிஏ என்பதால் மாற்றுவது எளிது. பலகைகள் ஆலைகளுக்குப் போவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

ஹெடர் வழியில் இழப்பு ஒன்றும் இல்லையா என்றால், உண்டு. ‘ஏஎஸ்எம்’ கூற்றுக்குள் என்ன நடக்கிறது என்று கம்பைலருக்குத் தெரியாது. உள்ளீடுகள் மாறிலிகளாக இருந்தால் முன்கூட்டியே கணக்கிட்டு வைக்க அதனால் இயலாது. கட்டளை எத்தனை சைக்கிள் எடுக்கும் என்று அறிந்து மற்றவற்றை அதற்கேற்ப வரிசைப்படுத்தவும் இயலாது. எந்திர நிரலைத் திருப்பிப் படிக்கும் கருவி அந்த இடத்தில் ‘தெரியாத கட்டளை’ என்று காட்டும். ஒற்றை வடிகட்டிச் சுழற்சிக்கு இவை பெரிய இழப்புகள் என்று நான் நினைக்கவில்லை. கடைசியாகச் சொன்னது மட்டும் பிழை தேடும்போது எரிச்சலைத் தரும். அது தாங்கமுடியாமல் போனால், அசெம்பிளரும் திருப்பிப் படிக்கும் கருவியும் கட்டளையைப் பெயரால் அறியும் அளவுக்கு மட்டும், சில பத்து வரிகளில் டேபிள்ஜென் வரையறை எழுதி உங்களிடம் வைத்துக்கொள்ளலாம். சி மொழியில் அதற்கென்று ஒரு பில்ட்-இன் ஃபங்ஷன் சேர்ப்பது அதற்கு அடுத்த படி. பொதுவான பெருக்கலையும் கூட்டலையும் பார்த்துக் கம்பைலர் தானாகவே உங்கள் கட்டளையைத் தேர்ந்தெடுப்பது அதற்கும் மேலே. நீங்கள் நேராக அந்த உச்சியில் போய் நின்றதால்தான் ஆயிரம் வரிகள் ஆயின. அந்த உச்சியில் இன்னொரு சிக்கலும் உண்டு. எல்எல்விஎம்மில் எல்லையில் நிற்கும் கூட்டலுக்கென்று பொதுவான உள்ளமை ஃபங்ஷன் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் பெருக்கல் 32 பிட்டில் வழிந்த பிறகு கூட்டலில் எல்லை பார்ப்பதும், 64 பிட்டில் பெருக்கிக் கூட்டி ஒரேயடியாக எல்லை பார்ப்பதும் ஒன்றல்ல. உங்கள் செயலி இரண்டாவதைச் செய்கிறது. நீங்கள் எழுதிய பொருத்தம் முதலாவதைத் தேடுகிறது. பெரிய எண்களில் இரண்டும் வேறு விடை தரும்.

அடுத்தது தனிப்பிரதி. உங்கள் உரிமையாளர் சொல்வதில் சட்டச் சிக்கல் ஒன்றும் இல்லை. எல்எல்விஎம் 2019 முதல் அப்பாச்சி 2.0 உரிமத்தோடு சில விலக்குகளையும் சேர்த்து வெளிவருகிறது. மாற்றியதை வெளியிட்டே தீர வேண்டும் என்று அது கட்டாயப்படுத்துவதில்லை. ஜிசிசியாக இருந்தால், மாற்றிய கம்பைலரையே பிறருக்குக் கொடுக்கும்போது மூலநிரலையும் கொடுத்தாக வேண்டும். அதைக் கொண்டு உருவாக்கிய உங்கள் பலகை நிரலுக்கு அந்தக் கடமை இல்லை. தடை சட்டத்தில் இல்லை, உழைப்பில் இருக்கிறது. எல்எல்விஎம்மில் நாள்தோறும் ஏறத்தாழ நூறு மாற்றங்கள் உள்ளே போகின்றன. ஆண்டுக்கு இருமுறை பெரிய வெளியீடு வருகிறது. அதன் சி++ இடைமுகம் நிலையாக இருக்கும் என்ற உறுதியை அவர்கள் வேண்டுமென்றே தருவதில்லை. பழைய இடைநிலைக் கோப்புகளைப் படிக்கும் வசதியைப் பல பதிப்புகளுக்குக் காத்து வருபவர்கள்தான், ஆனால் உள்ளே இருக்கும் ஃபங்ஷன்களை எப்போது வேண்டுமானாலும் மாற்றிவிடுவார்கள்.

இதன் சுமையை ஒரே எடுத்துக்காட்டில் காட்டலாம். முன்பு இடைநிலை வடிவத்தில் ஒவ்வொரு சுட்டிக்கும் அது எதைச் சுட்டுகிறது என்ற வகை இருந்தது. 2022-இல் வந்த 15-ஆம் பதிப்பில், வகையில்லாத ஒரே சுட்டி என்பது இயல்புநிலையாயிற்று. 2023-இல் வந்த 17-ஆம் பதிப்பில் பழைய முறையே நீக்கப்பட்டது. 14-ஆம் பதிப்பில் தனியாகப் பிரிந்து நின்ற ஒரு குழு, சுட்டி எதைச் சுட்டுகிறது என்று அதனிடமே கேட்டுக்கொண்டிருந்த எல்லா இடங்களையும் தேடித் திருத்தியாக வேண்டியிருந்தது. பொது நிரலுக்குள் இருந்தவர்களுக்கு அந்த வேலையில் பெரும்பகுதியை மாற்றத்தைக் கொண்டுவந்தவர்களே செய்து முடித்தார்கள். ரிஸ்க்-ஃபைவ் பின்முனை எல்எல்விஎம்மில் மிக வேகமாக மாறிக்கொண்டிருக்கும் பகுதிகளுள் ஒன்று. நீங்கள் வேலை மாறிப் போன பிறகு, பழைய பதிப்பில் உறைந்துபோன அந்தப் பிரதியை உங்கள் நிறுவனத்தில் யார் தூக்கிக்கொண்டு திரிவார்கள் என்று உரிமையாளரிடம் கேளுங்கள். அவருக்கு மூலநிரல் புரியாவிட்டாலும் இந்தக் கேள்வி உடனே புரியும். சொந்தமாக ஒரு செம்மைப்படுத்தும் படி மட்டும் சேர்க்க வேண்டும் என்ற தேவை எப்போதாவது வந்தால், அதற்கும் பிரிய வேண்டியதில்லை. அதை ஒரு பிளக்-இன்னாக எழுதிக் கிளாங் ஓடும்போதே ஏற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது.

பொது நிரலுக்குள் சேர்ப்பது ஏன் வேண்டாம் என்கிறேன் என்பதையும் சொல்ல வேண்டும். தனியார் கட்டளைகளை எல்எல்விஎம் அடியோடு மறுப்பதில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடைபோட்டு ஏற்கிறது. கிளாங்கின் ஆவணத்தில் நீட்டிப்புகளுக்கான அளவுகோல்கள் எழுதியே வைக்கப்பட்டுள்ளன: கணிசமான பயனர் கூட்டம், உள்ளேயே இருக்க வேண்டியதற்கான தேவை, எழுதப்பட்ட விதிமுறை, நீண்டகாலம் பராமரிக்க ஆள், தரமான நிரல், முழுமையான சோதனைகள் என்று அது போகிறது. உங்களிடம் இன்று இருப்பது ஒரு நிறுவனம், ஒரு பலகை, ஒரு கட்டளை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் உலகெங்கும் உள்ளவர்கள் இதற்காக ஒவ்வொரு மாற்றத்தின்போதும் ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டும் என்று கேட்பது நியாயமாகாது. எல்லையில் நிற்கும் கணக்குகளை ரிஸ்க்-ஃபைவின் பொது நீட்டிப்பாகவே கொண்டுவரும் முயற்சியும் ‘பி’ நீட்டிப்பு என்ற பெயரில் பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. உங்கள் தேவை அதற்குள் அடங்கும் நாள் வந்தால், ஹெடர் கோப்பில் ஒரு வரியை மாற்றினால் போதும்.

மடிக்கணினி உறைவதற்கு வருகிறேன். பிழை தேடும் தகவல்களையும் சேர்த்துக் கட்டும் ‘டீபக்’ வகையில் நீங்கள் கட்டுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். அந்த வகையில் ஒவ்வொரு லிங்க் வேலைக்கும் பல ஜிபி நினைவகம் தேவைப்படும். அப்படிப்பட்டவை ஒரே நேரத்தில் நான்கைந்து ஓடினால் 8 ஜிபி தாங்காது. ‘ரிலீஸ்’ வகைக்கு மாறி, உள்சரிபார்ப்புகளான அசெர்ஷன்களை மட்டும் இயக்கி வையுங்கள். கட்ட வேண்டிய செயலிகளில் ரிஸ்க்-ஃபைவை மட்டும் குறிப்பிடுங்கள். ஒரே நேரத்தில் ஒரு லிங்க் வேலைதான் என்று, கட்டும் வேலைகளை நடத்தும் நிஞ்சா கருவிக்கு வரம்பு போடுங்கள். லிங்கராக எல்எல்விஎம்மின் எல்எல்டியைத் தேர்ந்தெடுங்கள். பின்முனையை மட்டும் தொடும்போது கிளாங்கைக் கட்டவே வேண்டாம். எல்எல்சி, எல்எல்விஎம்-எம்சி, ஃபைல்செக் ஆகிய கருவிகள் போதும், ரிஸ்க்-ஃபைவுக்கான சோதனைகளை மட்டும் ஓட்டவும் தனி இலக்கு உண்டு. எல்எல்விஎம்மையும் கிளாங்கையும் முழுதாகக் கட்ட 15 முதல் 20 ஜிபி வட்டு இடம் வேண்டும் என்று அவர்களுடைய ஆவணமே சொல்கிறது. தேவையானதை மட்டும் கட்டினால் அதில் ஒரு சிறு பங்கில் முடிந்துவிடும். சேர்வராயன் மலையில் மழைக்காலத்தில் சில்வர் ஓக் கிளை முறிந்து கம்பியில் விழுந்தால் மின்சாரமும் இணையமும் சேர்ந்து போகும் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நிஞ்சா விட்ட இடத்திலிருந்து தொடரும். மூலநிரலை இறக்கும் கிட் பிரதியெடுப்பு தொடராது, முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஆகவே வரலாறு இல்லாமல் கடைசி நிலையை மட்டும் முதலில் இறக்கிவிட்டு, பழைய வரலாற்றைப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டார் நடத்தும் திட்டத்தில் நம்மை யார் மதிப்பார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பரிசீலனை செய்பவர்களின் சுருக்கமான எழுத்து உங்களிடம் மட்டும் காட்டப்படுவதல்ல. அவர்களுக்குள்ளேயும் அப்படித்தான் எழுதிக்கொள்கிறார்கள். நம் பக்கம் ‘சார்’ என்று தொடங்கி, தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டு, நன்றியோடு முடிக்கும் கடிதங்களில் கேள்விக்கான பதில் மூன்றாவது பத்தியில்தான் வரும். அங்கே முதல் வரியிலேயே பதில் வேண்டும். ஒவ்வொரு கருத்துக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுங்கள். ஏற்காததை ஏன் ஏற்கவில்லை என்று எழுதுங்கள். ஒரு வாரம் பதில் வராவிட்டால் மரியாதையாக நினைவூட்டலாம். அது அங்கே ஏற்றுக்கொள்ளப்பட்ட வழக்கம். மாற்றத்தைச் சிறு துண்டுகளாக்குங்கள். முதல் துண்டில் சோதனையை மட்டும் வைத்து, இன்றைய கம்பைலர் தரும் எந்திர நிரல் இதுதான் என்று பதிவு செய்யுங்கள். இரண்டாவது துண்டில் மாற்றத்தை வையுங்கள். அப்போது எந்தெந்த வரிகள் எப்படி மாறின என்பது பரிசீலிப்பவரின் கண்ணில் நேராகப் படும். ஏற்கப்பட்ட மாற்றம் எங்கோ ஒரு தானியங்கிக் கட்டுமானத்தை உடைத்துவிட்டால் அதைத் திருப்பி எடுத்துவிடுவார்கள். அதுவும் அன்றாட நடைமுறைதான். சரிசெய்து மறுபடி அனுப்பலாம்.

எதிர்காலம் பற்றிய கேள்விக்கு நீண்ட பதில் என்னிடம் இல்லை. கம்பைலர் வேலைகள் நம் நாட்டில் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும்தான் அதிகம். சேலத்திலிருந்து தேடுபவர் வெளியூர் போகவோ, வீட்டிலிருந்தே செய்யும் வேலையைப் பிடிக்கவோ தயாராக இருக்க வேண்டும். சென்னை ஐஐடியின் சக்தி, மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் வேகா ஆகிய செயலிகள் ரிஸ்க்-ஃபைவை அடிப்படையாகக் கொண்டவை என்பதால், அந்தப் பின்முனையைப் படித்துவைத்தது வீண் போகாது. நேர்காணலில் சான்றிதழைவிட, நீங்கள் பொதுவெளியில் எழுதிய நிரலையும் பரிசீலனையின்போது எப்படி உரையாடினீர்கள் என்பதையும் பார்க்கிறவர்கள் இந்தத் துறையில் இருக்கிறார்கள். வேலை நேரத்தில், நிறுவனத்தின் கணினியில் எழுதியதை அனுப்புவதற்கு முன் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த உரிமத்தின்படி பங்களிப்போடு காப்புரிமை அனுமதியும் சேர்ந்தே போகிறது.

இந்த வாரம் செய்ய வேண்டியவை இரண்டு. முதலாவது, நீங்கள் அனுப்பியிருக்கும் அந்தப் பெரிய முன்மொழிவை நீங்களே மூடிவிடுங்கள். மூடும்போது, ‘இன்ஸ்ன் மூலம் செய்துபார்த்தோம், எங்கள் தேவைக்கு அது போதும், கேட்டதற்கு நன்றி’ என்று ஒரு வரி எழுதுங்கள். கேள்வி கேட்டவரின் நேரம் வீணாகவில்லை என்று அவருக்குத் தெரியும். அடுத்த முறை உங்கள் பெயரைப் பார்க்கும்போது திறந்து படிப்பார்.

இரண்டாவது, கடிதத்தின் பின்குறிப்பில் நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன விஷயம். பின்முனை எழுதுவது பற்றிய அந்த ஆவணம் ஸ்பார்க் செயலியை எடுத்துக்காட்டாகக் கொண்டு நெடுநாட்களுக்கு முன் எழுதப்பட்டது. இன்றைய நிரலோடு ஒத்துப்போகாத இடங்கள் அதில் இருப்பதில் வியப்பில்லை. புதிதாகப் பின்முனைக்குள் நுழையும் ஒவ்வொருவரும் அதைத்தான் முதலில் திறக்கிறார்கள், தடுக்கி விழுகிறார்கள், எழுந்து போய்விடுகிறார்கள். நீங்கள் தடுக்கி விழுந்த இடங்கள் உங்களுக்கு இன்னும் மறந்திருக்காது. அவற்றில் ஒரே ஒரு பத்தியை எடுத்து, இன்றைய மூலநிரலில் அதற்கு இணையான கோப்பைத் திறந்து ஒப்பிட்டுத் திருத்தி அனுப்புங்கள். இதற்குக் கம்பைலரைக் கட்டக்கூட வேண்டியதில்லை. முழு ஆவணத்தையும் ஒரேயடியாகத் திருத்தி அனுப்ப வேண்டாம். அதைப் பரிசீலிக்க யாருக்கும் நேரம் இருக்காது.